மொறிஸ் மைனரும் ஏழரை வருடக் காத்திருப்பும்



இந்த மாதச் சரித்திர உரையில் அரசர்களும் இல்லை, ஒப்பந்தங்களும் இல்லை. ஒரு சின்னக் காரைப் பற்றிப் பேசப்போகின்றேன். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் என்று பெயரைச் சொன்னவுடன் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களில் பலருக்கு ஒரு வாசனை நினைவுக்கு வரும். வெயிலில் காய்ந்த றெக்சீன் சீற்றும் பெற்றோலும் கலந்த வாசனை அது. 1990க்குப் பிறகு அங்கே இருந்தவர்களுக்கு மண்ணெண்ணெய்ப் புகைதான் நினைவுக்கு வரும். இந்த இரண்டு வாசனைக்கும் இடையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த உரை.

2017 ஏப்ரலில், இலண்டனுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினேன். ஒரு கோடையில் ஓட வைத்துவிடலாம் என்றார் விற்றவர். அது வீதிக்கு வந்தது 2024 செப்ரெம்பரில். ஏழரை வருடம். "ஏழரைச் சனியைக் காசு குடுத்து வாங்கி வந்திருக்கிறியள்" என்று மனைவி சொன்னதில் பிழை பிடிக்க முடியாது.

வாங்கியதற்குக் காரணம் எனது சித்தப்பா. 1944இல் பிறந்தவர். பதினைந்து வயதில் ஒரு கராஜில் வேலை பழகச் சேர்ந்து, பிறகு கொக்குவிலில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தவர். 1999இல் இலண்டனுக்கு வந்த பின் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த தொழிலை இங்கே ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. நான் 1989இல், பதினேழு வயதில், இங்கு வந்துவிட்டவன். பொருளாதாரத் தடைக் காலத்தை நான் காணவில்லை. அவரோ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்தால் பேசுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

காரைச் செய்தவர் யார்?

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்ணா நகரில், அதாவது இன்று துருக்கியின் இஸ்மீர் நகரில், கிரேக்க வழிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அங்கே இயந்திரத் தொழில் நடத்தியவர். பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். 1922இல் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் குடும்பம் சகலதையும் விட்டுக் கப்பல் ஏறி மோல்ற்றாத் தீவுக்குப் போனது. தந்தையார் அங்கேயே இறந்துபோனார். 1923இல் தாயும் மகனுமாக இலண்டன் வந்து சேர்ந்தார்கள். பற்றர்சியில் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று தரம் சித்தியடையவில்லை. கணித ரியூஷனுக்குப் பிள்ளைகளைக் கொண்டு திரியும் பெற்றோர் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னாளில், 1959இல், உலகறிந்த மினி காரைத் தந்தவரும் இவர்தான்.

1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வெளிவந்தது. கொம்பனியின் முதலாளி நபீல்ட் பிரபுவுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். இசிகோனிசும் இலேசில் திருப்திப்படவில்லை. கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் அகட்டிப் பொருத்தினார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். ஆரம்பக் கார்களின் முன் பம்பரும் நடுவில் ஒட்டுப் போட்டதுதான்; பம்பர்களை அதற்கு முன்னரே செய்துவிட்டார்கள். 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒன்றாகியபோது ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் இதற்குள் வந்தது. 1956இல் அது 948 சிசி ஆயிற்று. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது கார் செய்து முடிந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல்.

எங்கள் அப்பப்பா 1956இல் ஒன்று வாங்கினார். அது ஆங்கில எழுத்து இலக்கத் தகடு உள்ள கார். அடுத்த ஆண்டு, 1957 ஜனவரியிலிருந்து, புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சியினர் தமிழ்ச் சிறீயை எழுதிக்கொண்டு ஓடி மறியலுக்குப் போனார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஒடுங்கியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை நாட்டில் இருந்த பழைய கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓடவேண்டும். ஆகவே யுத்தம் வருவதற்கு முன்னமே எங்கள் கராஜ்காரர், பாகம் இல்லாவிட்டால் கடைச்சல் பட்டறையில் செய்து போடுவதைக் கற்றுவிட்டார்கள். சித்தப்பா படித்த பள்ளிக்கூடம் அது.

முதலாவது தாமதம்: துரு

மொறிஸ் மைனருக்குத் தனியான சேஸிஸ் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகடுகளும், நடுவில் குறுக்கே போகும் ஒரு சட்டமும்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் போய் உள்ளிருந்து தின்னும். வெளியில் பெயின்ற் பளபளவென்று இருக்கும். சித்தப்பா ஒரு ஸ்குறூ றைவரால் குத்தினார். பிடி மட்டும் உள்ளே போயிற்று. "இது கார் இல்லைத் தம்பி, கறையான் தின்ற கதவு" என்றார்.

வெல்டிங் பட்டறை ஒன்றில் விட்டோம். ஆறு கிழமை என்றார்கள். பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்த்தால் எங்கள் காருக்கு மேலே வேறு காரின் மட்கார்ட் கிடக்கும். கடைசியில் வேலை தொடங்கியபோது சித்தப்பா போய் நின்றார். பக்கத் தகட்டை வெட்ட முன்னர் உள்ளே குறுக்குக் கம்பி ஒட்டி உடலை இறுக்கச் சொன்னார். "இல்லாட்டி நடு தொய்ஞ்சு போகும். பிறகு கதவு ஒரு நாளும் பூட்டுப்படாது." வெல்டிங் பொடியனுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தான். அன்றிலிருந்து அவரை 'சேர்' என்றுதான் கூப்பிட்டான்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்துவதில் பேர்பெற்ற சாள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையில் ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்து மைனர் உடற்தகடுகளைச் செய்வித்து இங்கே இறக்கினார். இலங்கைக் கைவேலைக்காரரின் தகடு இங்கிலாந்துக் கார்களைக் காப்பாற்றியது. அதே தசாப்தத்தில், அதே நாட்டின் வடக்குக்கு ஒரு இரும்புத் துண்டு போக அனுமதியில்லை. இதைச் சித்தப்பாவுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "தெரியும். தகடு நல்ல தகடுதான்" என்றார்.

இரண்டாவது தாமதம்: எஞ்சின் தலை

2019இல் எஞ்சினைக் கழற்றினோம். பிரித்தானியாவில் ஈயம் கலந்த பெற்றோல் 2000ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. பழைய எஞ்சின்களில் அந்த ஈயம்தான் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. இப்போது உறுதியான உலோக வளையம் வெட்டிப் போடவேண்டும். சிலிண்டர் ஹெட் ஒரு கடைச்சல் பட்டறைக்குப் போனது. அங்கே ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு வேலை இல்லை. ஆனாலும் சித்தப்பா தேநீர்ப் போத்தலோடு வந்து கொட்டிலில் இருப்பார். அப்போதுதான் தடைக்காலத்துக் கதை வந்தது. கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு குடாநாட்டுக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு எல்லாம் தடை. மின்சாரமும் போயிற்று. ஜப்பான் கார்கள் வளவுகளில் முடங்கின. மைனரும் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. ஏன் இவை மட்டும்? சித்தப்பா விளக்கிய காரணங்கள் இவை. பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளில் இடிக்காமல் ஓடும். முன்னுக்கு ஹாண்டில் போட்டுச் சுற்றலாம். ஸ்ராட்டர் மோட்டரைச் சுழற்றப் பலமில்லாத செத்த பற்றரியும் ஸ்பார்க் கொடுக்கப் போதும். பெற்றோல் பம்ப் பழுதானால் ஒரு போத்தலை உயரத்தில் கட்டி, ரியூப் விட்டால் கார்புறேற்றருக்குத் தானாக இறங்கும். இங்கிலாந்து விவசாயிகளும் 1950களில் இதற்குக் கிட்டிய ஒரு எண்ணெயில் பெர்கசன் உழவு இயந்திரங்களை ஓட்டியவர்கள்தான். அவர்களுக்கு அது சிக்கனம்.

ஆனால் மண்ணெண்ணெயில் ஒரு வில்லங்கம் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. எனவே தொடக்குவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். ஒவ்வொரு ஹயர்காரரிடமும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் இருக்கும். அதைப் பொன் மாதிரி வைத்திருப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும். அதனால் ஒயிலையும் அடிக்கடி மாற்றவேண்டும். ஒயிலும் கிடையாது. பழைய ஒயிலை அடைய வைத்து, துணியில் வடித்து விடுவார்களாம்.

எனது அப்பா 1993 மாசியில் நெஞ்சு நோவால் இறந்தவர். ஆறு கிழமை கழித்து எனக்குக் கடிதம் வந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகக் கார் கிடைக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. இருபத்தாறு வருடமாக நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கார் இருந்தது தம்பி. அப்பப்பான்ரை கார். எங்கடை வளவிலைதான் நிண்டது" என்றார் சித்தப்பா. அன்று பின்னேரம் அயலில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. வேறொரு ஹயர்காரர் வந்து தொடக்கப் பெற்றோல் கேட்டார். சித்தப்பா தன்னுடைய போத்தலைக் கொடுத்துவிட்டார். நடுச்சாமம் தாண்டி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நோ வந்தது. போத்தலில் ஒரு சொட்டும் இல்லை. குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் தொடக்க ஹாண்டிலைச் சுற்றினார். கார்புறேற்றரைக் கழற்றி அடுப்பில் சூடாக்கிப் பூட்டினார். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு எஞ்சின் பிடித்தது. ஆசுபத்திரி வாசலில் அப்பா இல்லை.

"அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது எண்டு இவ்வளவு காலமும் யோசிக்கிறன். அந்தப் பிள்ளை நல்லபடியாப் பிறந்தது" என்றார். நான் பதிவை நிறுத்தவில்லை. அந்த ஒலிப்பதிவில் அதற்குப் பிறகு நீண்ட நேரம் மழைச் சத்தம்தான் கேட்கிறது. பிறகு என்னுடைய குரல்: "நானெண்டாலும் குடுத்திருப்பன், சித்தப்பா."

நேயர்களே, தடைப் பட்டியல் வர்த்தமானியில் இருக்கிறது. தேடினால் எவரும் வாசிக்கலாம். ஒரு போத்தல் பெற்றோலை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு கராஜ்காரர் தீர்மானிக்க வேண்டியிருந்ததை அதில் வாசிக்க முடியாது.

மூன்றாவது தாமதம்: நோய்

2020 மார்ச்சில் கொரோனா முடக்கம். சித்தப்பா கொட்டிலுக்கு வரமுடியாது. பாகங்கள் அனுப்பும் கடை ஒன்று பிழையான மாதிரிக்குரிய பிரேக் குழாய்களை இரண்டு தரம் அனுப்பியது. திருப்பி அனுப்பிப் புதிது வர ஒவ்வொரு தரமும் மாதக்கணக்கு. 2021 செப்ரெம்பரில் இங்கே பத்து வீத எதனோல் கலந்த பெற்றோல் வந்தது. அது பழைய ரப்பர் குழாய்களைக் கரைக்கும் என்பதால், போட்ட குழாய்களை எல்லாம் கழற்றிப் புதிய வகை போட்டோம்.

அந்த மாரியில் சித்தப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை பலவீனமாயிற்று. பேச்சு குழறியது, பொருட்களின் பெயர்கள் வாயில் வரவில்லை. ஸ்பானரை 'அது' என்றார், வால்வையும் 'அது' என்றார். பதினொரு மணித்தியால ஒலிப்பதிவு என்னிடம் இருந்தது. கேட்கவேண்டும் என்று குறித்து வைத்த கேள்விகள் அதைவிடக் கூட. அவற்றுக்கு இனிப் பதில் இல்லை. எனக்கு இந்தக் காரில் வந்த எல்லாத் தாமதங்களிலும் நெஞ்சில் அடித்தது இதுதான்.

2023 ஒக்ரோபரில் எஞ்சினைத் தொடக்கினோம். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்து நின்றது. இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. சித்தப்பா இடது கையால் நீண்ட ஸ்குறூ றைவரை எடுத்தார். அதன் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். வைத்தியர் குழாய் வைத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு இடமாகக் கேட்டார். பிறகு மூன்று விரலைக் காட்டினார். மூன்றாவது சிலிண்டரின் ரப்பெற் இடைவெளி கூட. அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது அவர் சொன்னது. பெயர்கள் போய்விட்டன. காது போகவில்லை.

நாலாவது தாமதம்: கடதாசி

கார் ஓடத் தயார். ஆனால் அதற்கு அடையாள ஆவணம் இல்லை. பழைய பதிவுப் புத்தகம் எங்கேயோ தொலைந்திருந்தது. எந்த ஆண்டு பிறந்தது, எங்கே பிறந்தது, இதே கார்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. எங்கள் ஆட்களுக்கு இது பழகின வேலைதான்! எட்டு மாதம் போயிற்று.

இதில் கைகொடுத்தது கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம். தொழிற்சாலைப் பேரேடுகளை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சேஸிஸ் இலக்கத்தைக் கொடுத்தால், அந்தக் கார் செய்த திகதி, அப்போதிருந்த நிறம், எந்த விற்பனையாளருக்குப் போனது என்று அத்தாட்சிப் பத்திரம் தருவார்கள். 1957இல் ஒக்ஸ்போர்ட்டின் கௌலித் தொழிற்சாலையில் ஒரு எழுதுவினைஞர் மையால் எழுதிய ஒரு வரி, அறுபத்தேழு வருடத்துக்குப் பிறகு எனது காரை வீதிக்கு விட்டது. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் சோதனைக்குக் கொண்டுபோனேன். சித்தப்பா பார்த்த வேலை, முதல் தடவையே சித்தி.

அப்பப்பாவின் கார் என்னவாயிற்று? 1995 ஒக்ரோபர் 30 இரவு, இலட்சக்கணக்கானோரோடு அதுவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது, உள்ளே அப்பாச்சியும் மேலே பாத்திரங்களுமாக. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்திடம் போனபோது அதைச் சாவகச்சேரியில் ஒரு வளவில் விட்டுவிட்டுச் சித்தப்பா கிளாலியால் வன்னிக்குப் போனார். 2002இல் ஏ9 பாதை திறந்த பின், அடுத்த வருடம் போய்த் தேடினார். பொனற் மட்டும் கிடைத்தது. ஒரு கோழிக்கூட்டுக்கு அது கூரையாக இருந்தது. நல்ல உபயோகம் என்று விட்டுவிட்டு வந்தார்.

கௌலியில் செய்த காருக்குப் பேரேடு உண்டு. அதே காரை நாற்பது வருடம் ஓட வைத்த கொக்குவில், நல்லூர், சாவகச்சேரிக் கராஜ்களுக்குப் பேரேடு இல்லை. இருந்தவையும் எரிந்தன, இடம்பெயர்வில் தொலைந்தன. இப்போது அவை இருப்பது சில முதியவர்களின் தலைக்குள் மட்டுமே. அவர்கள் உங்கள் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, மாமா, பெரியப்பா ஆர் எண்டாலும் தடைக்காலத்தில் கார், மோட்டார் சைக்கிள், நீர் இறைக்கும் மிசின் ஏதாவது ஓட வைத்தவரென்றால், இந்த வாரமே கேளுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு கலவை? பாகம் எங்கே செய்தார்கள், எதைக் கொண்டு செய்தார்கள்? யாரை எங்கே ஏற்றிப் போனார்கள்? யாரை ஏற்ற முடியாமல் போயிற்று? கடைசிக் கேள்வியை ஆறுதலாகக் கேளுங்கள். தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். திகதியும் ஊரும் சொல்லித் தொடங்குங்கள். பாகங்களுக்கு ஊரில் வழங்கிய பெயர்களையும் சொல்ல வையுங்கள்.

எங்கள் கார் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது. சித்தப்பா முன் சீற்றில் இருப்பார். மேடு ஏறும்போது நான் கியர் மாற்றப் பிந்தினால் இடது கையால் டாஷ்போர்ட்டில் தட்டுவார். அந்தப் பதினொரு மணித்தியாலத்தையும் எழுத்தில் இறக்கிக்கொண்டிருக்கின்றேன். நாலு மணித்தியாலம் முடிந்திருக்கிறது.